ஆயர் விலகினார், சாதி விலகவில்லை

2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தச் சாதி வெறியைப் பேசும்போது, "நாங்கள் வேதக்காரர்கள், எங்களிடம் சாதி இல்லை" என்று சிலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். உடுமலை அடங்கியிருக்கும் கோவை மறைமாவட்டத்தின் வரலாறு வேறு கதை சொல்கிறது.

1606இல் மதுரைக்கு வந்த நோபிலி பிராமணத் துறவிபோல வாழ்ந்தார். உயர்சாதியினரை ஈர்க்க அது வழி என்றார்கள். விளைவு? பறையர்களுக்கு ஒரு சாமியார், மற்றவர்களுக்கு வேறொரு சாமியார். நோயுற்ற பறையரின் வீட்டுக்குள் சென்று குருக்கள் இறுதிச் சடங்கு தர வேண்டும் என்று 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் ஆணையிட்டார். மிஷனரிகள் அதற்குச் சத்தியமும் செய்தார்கள். ஆனால் அப்போதும் பறையர்களுக்கென்று தனி மிஷனரிகளையே ஒதுக்கினார்கள். ஆணை ஏட்டில், தீண்டாமை நடைமுறையில்!

கோவை மிஷன் புதுச்சேரியிலிருந்து பிரிக்கப்பட்டது 1840களில். அதன் முதல் தலைவர், பிரெஞ்சுக்காரரான மரியோன் பிரெசியாக். 1846இல் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். உள்ளூர் குருக்களை உருவாக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். சாதி வழக்கங்களைத் திருச்சபை ஏற்கிறதா, மறுக்கிறதா என்று அவர் ரோமைக் கேட்டார். தெளிவான பதில் வரவில்லை. மனசாட்சி உறுத்தவே பதவி விலகினார். 1855இல் அது ஏற்கப்பட்டது. பின்னர் ஆப்பிரிக்கா சென்று, 1859இல் சியரா லியோனில் இறந்தார். கோவை 1886இல் மறைமாவட்டமானது.

அவரைச் சாதி ஒழிப்புப் போராளி ஆக்கிவிட வேண்டாம். அவர் கேட்டது தன் மனசாட்சிக்கான பதிலை. ஒன்றை மட்டும் கவனியுங்கள் தோழர்களே: ஆயரால் விலகிப் போக முடிந்தது. தனியே நிறுத்தப்பட்ட மக்கள் எங்கே போவார்கள்?

அரசும் கைவிட்டது. 1950 குடியரசுத் தலைவர் ஆணையால் கிறித்தவ தலித்துகள் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. இவர்களுக்குத் திறக்கவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை.

இந்தியக் கத்தோலிக்கர் சுமார் 1 கோடியே 90 லட்சம் பேரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்றும், திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்றும் ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் ஒப்புக்கொண்டது.

ஒப்புக்கொண்டால் போதாது. உங்கள் பங்கில் கல்லறை பொதுவா? தேர் எல்லாத் தெருவுக்கும் போகிறதா? பங்குப் பேரவையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? பிரெசியாக் ரோமிடம் கேட்டார். நாம் உள்ளூரிலேயே கேட்போம், பதில் வரும்வரை நகராமல்.