ஆவியும் தங்கமும்

எட்டாவது படிக்கும் என் மகள் கோடை விடுமுறையில் ஒரு தடித்த ஆங்கில நாவலோடு சோஃபாவில் குடியேறிவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டால், "ரெண்டே பக்கம்ப்பா" என்று பதில் வரும், ஆள் வராது. அப்படி என்னதான் இருக்கு அதில் என்று ஒருநாள் கேட்டே விட்டேன். மூச்சு விடாமல் கதை சொன்னாள்.

அமெரிக்காவின் மேற்கே தங்கம் கிடைக்கும் ஒரு பாலை ஊர். அங்கே எல்லாமே நீராவியில் ஓடும், குதிரைகூட இரும்புக் குதிரை. கதாநாயகனுக்கு மண்ணுக்கடியில் இருப்பது கண்ணுக்குத் தெரியும் என்று ஒரு மாய சக்தி. சுரங்க முதலாளியின் பெண்ணோடு காதல். "இதுக்குப் பேரு ஸ்டீம்பங்க். உனக்கெல்லாம் தெரியாதுப்பா" என்று முடித்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் குற்ற உணர்வும் வந்தது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் கொஞ்சம் சரித்திரம், தூங்கிவிடாதீர்கள் :-)

ஸ்டீம்பங்க் என்ற பெயர் புதுசு. 1987-ல் கே.டபிள்யூ. ஜீட்டர் என்ற அமெரிக்க எழுத்தாளர் பாதி விளையாட்டாக வைத்த பெயர். சரக்கு ரொம்பப் பழசு. ஜூல்ஸ் வெர்ன் 1880-லேயே 'நீராவி வீடு' என்று ஒரு நாவல் எழுதினார். அதில் நீராவியில் ஓடும் இரும்பு யானை ஒன்று, சக்கரம் வைத்த இரண்டு வீடுகளை இழுத்துக்கொண்டு கல்கத்தாவிலிருந்து வடக்கே போகும். வெர்ன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. பிரான்சில் உட்கார்ந்தபடியே நம் ஊர் யானைக்குள் பாய்லரை வைத்துவிட்டார்.

அதே 1880-ல்தான் லண்டனிலிருந்து ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற நிறுவனம், பெங்களூருக்குக் கிழக்கே சுமார் நூறு கிலோமீட்டரில் இருந்த ஒரு முட்புதர்க் காட்டில் வேலையைக் கையில் எடுத்தது. அங்கே வந்தது நிஜ பாய்லர். கோலார் தங்கவயல், நம்மவர்கள் வாயில் கே.ஜி.எஃப்.

மகள் சொன்ன ஐட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்க்கிறேன். ஒன்றுகூடக் குறையவில்லை.

முதலில் சாகசக்காரர். 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகு மைசூர் எல்லையை அளக்க வந்தவர்களில் லெப்டினன்ட் ஜான் வாரன் ஒருவர். 1802-ல் இந்தப் பக்கம் மண்ணில் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, காட்டுகிறவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார். ஊர்க்காரர்கள் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண் முன்னாலேயே அலசிக் காட்டினார்கள். அடியில் தங்கத் துகள்! அதாவது 'கண்டுபிடித்தவர்' வருவதற்கு ரொம்ப நாள் முன்பே நம் ஜனங்கள் அங்கே குழி வெட்டித் தங்கம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் வந்த கம்பெனிகளும் அந்தப் பழங்குழிகளைப் பார்த்துத்தான் எங்கே தோண்டுவது என்று முடிவு செய்தன.

அடுத்தவர் மைக்கேல் லாவெல். அயர்லாந்துக்காரர், நியூசிலாந்துப் போரில் சண்டை போட்டுவிட்டு பெங்களூர் கண்டோன்மென்ட்டில் ஓய்வாக இருந்தவர். வாரன் எழுதி வைத்த குறிப்பைப் படித்துவிட்டு 1871-ல் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கோலாருக்குக் கிளம்பினார். மைசூர் அரசிடம் மன்றாடி 1875-ல் உரிமம் வாங்கினார். கையில் காசு தீர்ந்துபோய், சில வருஷத்தில் உரிமை வேறு கைக்குப் போனது. நம்மில் பலர் டிராஃபிக்கில் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும் லாவெல் ரோடு இவர் பெயரில்தான் இருக்கிறது.

அடுத்து இயந்திரம். ஆட்களை இறக்க, பாறையை ஏற்ற, தண்ணீரை இறைக்க, கல்லைப் பொடியாக்க என்று எல்லாம் நீராவி. 1894-ல் பௌரிங்பேட்டையிலிருந்து (இன்றைய பங்காருப்பேட்டை) மாரிக்குப்பம் வரை ரயில் பாதை திறந்தது. பாய்லர் தின்னும் எரிபொருளுக்குக் கட்டுப்படியாகாமல்தான் காவிரியைத் தேடிப் போனார்கள். சிவனசமுத்திர அருவியில் மின்சாரம் எடுத்து, 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து, 1902 ஜூன் 30-ல் சுரங்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் போட்ட திட்டம். அன்றைக்கு உலகிலேயே மிக நீளமான மின் தடங்களில் ஒன்று அது. பெங்களூர் தெருவில் முதல் மின் விளக்கு எரிந்தது 1905 ஆகஸ்டில். அதாவது பெங்களூருக்கு மூன்று வருஷம் முன்பே கே.ஜி.எஃப்-க்குக் கரண்ட் வந்துவிட்டது. நம் அப்பார்ட்மென்ட் ஜெனரேட்டர் உறுமும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் போகப் போக மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையைத் தொட்டால் சுடும்.

மாய சக்தியும் உண்டு. தமிழில் ஆவி என்றால் நீராவியும்தான், செத்தவர் ஆவியும்தான். தங்கவயலில் இரண்டும் ஒரே குழியில் இருந்தன. ஆழத்தில் பாறையின் அழுத்தம் தாங்காமல் திடீரென்று வெடிக்கும், ராக் பர்ஸ்ட் என்பார்கள். மேலே வீடுகள் அதிரும், சட்டி பானை உருளும். கீழே இருப்பவர்கள் கதி அவ்வளவுதான். அப்படிப் போனவர்களின் விளக்கு மட்டும் ராத்திரி ஷிஃப்டில் தனியாக நடந்து வரும் என்று எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு.

பேய்க் கதைக்கு விஞ்ஞானிகளும் வந்து சேர்ந்தார்கள். 1965-ல் அந்த ஆழத்தில்தான், தலைக்கு மேலே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் பாறையை வைத்துக்கொண்டு, டாடா ஆராய்ச்சி நிறுவனத்தினரும் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளும் சேர்ந்து, வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்களைப் பதிவு செய்தார்கள். உலகில் முதன்முதலாக அவற்றைப் பார்த்தவர்களில் அவர்கள் உண்டு. எல்லாவற்றையும் ஊடுருவிப் போவதால் நியூட்ரினோவுக்குச் செல்லப் பெயரே பேய்த் துகள்தான். நாவலாசிரியர் இப்படி எழுதியிருந்தால் ஓவர் என்று சொல்லியிருப்போம்.

காதலுக்கு வரும்முன் ஒரு கேள்வி. மகளின் நாவலில் சுரங்கத்துக்குள் இறங்கி வெட்டுவது யார்? கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதைப் பத்தி ஒண்ணும் வரலைப்பா" என்றாள்.

தங்கவயலில் வெட்டியவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். வட ஆற்காட்டிலிருந்து, குறிப்பாக ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து, பண்ணையாரின் கடனையும் 1876-78 பஞ்சத்தின் நினைவையும் முதுகில் சுமந்துகொண்டு மலை ஏறி வந்தவர்கள். வரைபடத்தைப் பாருங்கள். குடியாத்தம், ஆம்பூர் பக்கத்திலிருந்து தங்கவயலுக்குப் போக மேற்கே நடக்க வேண்டும். நம் ஆட்களின் 'வெஸ்டர்ன்' அதுதான். பேத்தமங்கலத்தில் பாலாற்றைத் தேக்கித்தான் சுரங்கத்துக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். நம் ஆட்கள் விட்டு வந்த ஊருக்குப் போக வேண்டிய அதே பாலாறு.

குடியிருந்தது மூங்கில் தட்டி வீடுகளில், லைன் லைனாக. ஆனால் கையில் ரொக்கக் கூலி வந்தது. கும்பிடு போட வேண்டிய பண்ணையார் அங்கே இல்லை. அந்த இடைவெளியில் ஒரு புது உலகம் முளைத்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' பத்திரிகை, அவர் மறைவுக்குப் பின் 1926 முதல் சில ஆண்டுகள் அப்பாதுரையாரின் முயற்சியில் தங்கவயலிலிருந்து வந்தது. பௌத்த சங்கம், அச்சகம், வாசகசாலை எல்லாம் வந்தன. 1930-ல் கைரேகைப் பதிவை எதிர்த்து ஊரே வேலைநிறுத்தம் செய்தது. 1946 நவம்பரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள்.

இப்போது காதல். இங்கே கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கொள்கிறேன்.

என் தாத்தா சாம்பியன் ரீஃப்பில் கீழே வேலை பார்த்தவர். ஆயா தெலுங்கு பேசும் வீட்டுப் பெண். தண்ணிக் குழாயடியில் ஆரம்பித்த பழக்கம். இரண்டு லைனும் அடித்துக்கொள்ளப் பார்த்து, கடைசியில் மேஸ்திரி ஒருவர் முன்னால் நின்று கட்டிவைத்தாராம். எனக்கு ஏழெட்டு வயதில் ஆயா சொல்வாள்: "வேளை கெட்ட வேளையில சங்கு ஊதுச்சுன்னா, கைல இருக்கிற சோத்தப் போட்டுட்டு ஓடுவோம்டா. எல்லாப் பொம்பளையும் ஓடுவா. கூண்டு மேல வர்ற வரைக்கும் யாரு தாலி யாரு தாலின்னு தெரியாது." தாத்தா ஒவ்வொரு தடவையும் மேலே வந்தார். ஆனால் பாறைத் தூசி நுரையீரலில் தங்கிவிட்டது. அறுபது வயது பார்க்கவில்லை.

அப்பா படித்து, வேலூரில் அரசு வேலைக்குப் போனார். அத்தோடு தங்கவயல் எங்கள் வீட்டிலிருந்து மறைந்துபோனது. யார் கேட்டாலும் சொந்த ஊர் வேலூர். லைன் வீடு என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று அப்பாவுக்குத் தெரியும். பெங்களூருக்கு வேலைக்கு வந்த நானும் அதையே சொன்னேன். 2018-ல் 'கே.ஜி.எஃப்' படம் வந்து ஆபீஸே அதைப் பற்றிப் பேசியபோது, எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காமல் காபி குடித்துக்கொண்டிருந்தேன். 2024-ல் 'தங்கலான்' வந்தது. வட ஆற்காட்டு மக்கள், வெள்ளைக்காரத் துரை, தங்கத்தைக் காக்கும் மாயப் பெண். தியேட்டர் இருட்டில் அழுதுவிட்டு, வெளியே வந்து மகளிடம், "மேக்கப் நல்லா இருந்துச்சுல்ல?" என்றேன். முதலில் சொன்ன குற்ற உணர்வு இதுதான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு கண்டோன்மென்ட்டில் ரயில் ஏறினேன். பங்காருப்பேட்டை தாண்டினால் கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று ஸ்டேஷன் பெயர்களே கதை சொல்லும். வாரநாட்களில் இதே பாதையில் விடியற்காலை எதிர்த்திசையில் வண்டிகள் நிரம்பி வழியும். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடிய பிறகு, ஊருக்குப் பெங்களூர்தான் பிழைப்பு. நம் ஆபீஸ் வாசலில் காவல் நிற்பவரும் மாலில் பில் போடும் பெண்ணும் நாலு மணிக்கு எழுந்து அந்த வண்டியில் வந்தவர்களாக இருக்கலாம். 120 வருஷத்தில் 800 டன் போல தங்கம் போன ஊர் அது.

சக்கரம் வைத்த இரும்புக் கோபுரம் துருப்பிடித்து நின்றது. பக்கத்தில் சயனைடு மண் மேடு, சாம்பல் நிறத்தில் மலை மாதிரி. மகள் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "நம்ம வீடு எங்கேப்பா இருந்துச்சு?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. அங்கிருந்தே அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். மாரிக்குப்பத்தில் நிற்கிறோம் என்றதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். பிறகு மெதுவாக, "கோயிலுக்கு எதிர்ல ஒரு குழாயடி இருக்கும். அது இன்னும் இருக்கா பாரு" என்றார். அடுத்த அரை மணி நேரம் ஃபோனை மகள்தான் வைத்திருந்தாள். தாத்தா வழி சொல்ல, பேத்தி நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

பின்குறிப்பு: பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் எத்தனையோ பேருக்குத் தங்கவயலில் ஒரு வேர் இருக்கும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் எந்தச் சுரங்கம், எந்த லைன் என்று கேட்டு எழுதி வையுங்கள். நான் ஆயா இருக்கும்போது கேட்காமல் விட்டுவிட்டேன்.