இல்லாத கையின் நோவு: வலி ஆராய்ச்சி வரலாற்றில் ஒரு தமிழர்

காய்ச்சல் கண்டவன் உடம்பு தொட்டாற் சுடும். பசித்தவன் முகம் பார்த்த அளவில் வாடித் தோன்றும். வலிக்கோ நோகின்றவன் வாய்மொழியே பெரும்பாலும் சான்று. அச்சான்றை ஏற்பதா, மறுப்பதா என்னும் வினா வைத்தியர்க்கும் மேலதிகாரிக்கும் அயலார்க்கும் நாடோறும் எழுவதாகும். வலி ஆராய்ச்சியின் வரலாறு இவ்வினாவுக்கு அளிக்கும் விடையைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

யான் சிறுவனாய் இருந்தபோது, பதுளைப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றில், எமது லயத்தின் கடைசிக் காம்பராவில் முதியவர் ஒருவர் வாழ்ந்தார். இயந்திரத்திற் சிக்கி அவரது வலக்கை முழங்கைக்குக் கீழே துணிபட்டிருந்தது. மழைக்காலத்து இரவுகளில், “விரலெல்லாம் மடங்கி இறுக்குதப்பா, நகம் உள்ளங்கையில குத்துது” என்று அரற்றுவார். இல்லாத கை எவ்வாறு நோகும்? சிலர் பேயின் செயல் என்றனர். சிலர் காவல் வேலைக்குப் போகாதிருக்கச் சொல்லும் சாட்டு என்றனர். சிறுவராகிய யாமும் நகைத்தோம்.

அந்நகைப்புக்கு இடந்தந்த கொள்கை பழையது. 17ஆம் நூற்றாண்டிலே பிரெஞ்சு ஞானி டேக்கார்ட், கயிற்றை இழுத்தால் மறுமுனையில் மணி ஒலிப்பது போல, உடம்பிற் பட்ட ஊறு நரம்பின் வழியே மூளைக்கு எட்டி வலியாகின்றது என்றார். அங்ஙனமாயின், கை போன பின்னர் கயிற்றை இழுப்பது யாது? அமெரிக்க உள்நாட்டுப் போரிற் காயமுற்றோர்க்குச் சிகிச்சை செய்த வைத்தியர் வெயர் மிட்சல், துணிபட்ட உறுப்பு இன்னும் இருப்பதாக அவர்கள் உணர்ந்ததைக் கண்டு, 1871இல் அதற்கு ‘மாய உறுப்பு’ எனப் பெயரிட்டார். பெயர் கிடைத்ததேயன்றி விளக்கம் கிடைத்திலது.

20ஆம் நூற்றாண்டில் விளக்கம் இரு வழிகளில் வளர்ந்தது. ஒன்று இரசாயன வழி. 1931இல் வொன் ஒயிலர், காடம் என்னும் இருவர் குதிரையின் மூளையிலும் குடலிலுமிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். ‘பி பொருள்’ எனப் பெயர் பெற்ற இது, 11 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி என்பதைச் சூசன் லீமனும் அவர்தம் துணைவரும் 1971இல் நிறுவினர். நோவுச் செய்தியை முண்ணாணிற் கைமாற்றும் நரம்புப் பெப்டைடுகளுள் இது ஒன்று. 1975இல் அபர்டீன் நகரில் ஹியூஸ், கோஸ்டர்லிட்ஸ் ஆகியோர், அபினைப் போன்று வலி தணிக்கும் என்கெபலின்களை மூளையிலேயே கண்டனர். நோவை எடுத்துச் செல்லும் பொருளும் தணிக்கும் பொருளும் உடம்பினுள்ளேயே உள்ளன என்பது இவற்றாற் புலனாயிற்று.

மற்றொன்று நரம்பு அமைப்பின் வழி. 1965இல் மெல்சாக், வால் என்போர், முண்ணாணிலே நோவுச் செய்திக்கு ஒரு வாயில் உண்டென்றும், தொடுகையும் மூளையின் கட்டளையும் அதனைத் திறக்கவோ அடைக்கவோ வல்லன என்றும் கூறினர். இடித்துக்கொண்ட இடத்தைத் தேய்க்கச் சற்று ஆறுதல் உண்டாதல் இதற்கு எளிய எடுத்துக்காட்டு.

இவ்வழியை மேலும் திறந்தவருள் ஒருவர் தமிழர் என்பது நாம் மகிழத்தக்கது. 1951இல் தமிழ்நாட்டிற் பிறந்த வி. எஸ். இராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்று, கேம்பிரிட்ஜிலே கலாநிதிப் பட்டம் பெற்றார். 1983 முதல் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றினார். கண்பார்வையை ஆராய்ந்துவந்த அவர், பின்னர் மாய உறுப்பின்பாற் கருத்தைச் செலுத்தினார். கை இழந்தோரின் கன்னத்தைப் பஞ்சாற் தொட்டபோது, இல்லாத விரல்களைத் தொட்டதாக அவர்கள் கூறினர். மூளையின் மேற்பட்டையிலே கைக்குரிய பகுதியும் முகத்துக்குரிய பகுதியும் அடுத்தடுத்துள்ளன. செய்தி வாராது வறிதே கிடந்த கையின் பகுதியை முகத்தின் செய்திகள் பற்றிக்கொண்டன என அவரும் உடனாய்வாளரும் 1992இல் விளக்கினர்.

பின்னர் அவர் செய்த கருவி மிக எளியது: ஒரு பெட்டி, அதன் நடுவே ஒரு கண்ணாடி. இருக்கும் கையைக் கண்ணாடிமுன் வைத்து விரித்தால், அதன் நிழல் இழந்த கை விரிவதுபோலத் தோன்றும். இறுகிய மாயக்கை விரிந்ததாகவும் நோவு நீங்கியதாகவும் சிலர் கூறினர். இவ்வாராய்ச்சி 1996இல் விரிவாக வெளிவந்தது. அமெரிக்க இராணுவ வைத்தியசாலையொன்றில் கால் இழந்தோரிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட சிறு பரிசோதனையும் பயன் காட்டிற்று. பிற்காலப் பரிசோதனைகள் ஒருபடித்தாய் அமையவில்லை. எல்லார்க்கும் ஒருங்கே உதவும் மருந்து இஃதன்று. பி பொருளைத் தடுக்கும் மருந்துகளும் மனிதரின் வலிக்கு எதிர்பார்த்த பயனைத் தந்தில. ஆயினும் அவ்வினத்து மருந்தொன்று, புற்றுநோய்ச் சிகிச்சையால் உண்டாகும் வாந்தியைத் தடுக்க 2003 முதற் பயன்படுகின்றது. தேடியது ஒன்றாகவும் கிட்டியது பிறிதொன்றாகவும் அமைதல் விஞ்ஞான வரலாற்றில் இயல்பே.

இராமச்சந்திரனின் நூலை யான் படித்த காலத்து அம்முதியவர் உயிரோடு இல்லை. விரல் மடங்கி இறுகுதலும் நகம் உள்ளங்கையிற் குத்துதலும் அவர் சொன்னவாறே அங்கு எழுதப்பட்டிருக்கக் கண்டேன். எழுதப் படிக்க அறியாத அவர் தம் நோயை வழுவின்றிக் கூறியிருந்தார். கேட்கும் செவியே இல்லாதிருந்தது. கண்ணாடிப் பெட்டி அவர் நோவைத் தணித்திருக்குமோ, அன்றோ. நம்பிக்கையோடு ஒருவர் கேட்டிருப்பின் அவமானமாவது நீங்கியிருக்கும்.

இன்றும் ஊவாத் தோட்டங்களிற் கொழுந்துக் கூடை சுமந்து முதுகு நோகின்ற தாய்மார் பலர். அவர்தம் பிள்ளைகள் நம் வகுப்புகளில் உள்ளனர். நாளை வைத்தியராகவும் ஆசிரியராகவும் அதிகாரியாகவும் அமரப்போகும் மாணவர்கள், ‘நோகின்றது’ என்னும் சொல்லைச் சாட்டென்று தள்ளுமுன் ஒருகணம் நின்று கேட்பாராக. மாய உறுப்பின் வரலாறு நமக்கு உணர்த்தும் பாடம் அதுவே.