எடுக்கலாம், சேர்க்கக் கூடாது: ஒரு வேர்ட்பிரஸ் பெட்டியின் வரலாறு

வேர்ட்பிரஸ் வச்சிருக்கிற மக்களுக்குத் தெரிஞ்ச பெட்டிதான். நிர்வாகப் பக்கத்துல, பதிவுப் பட்டியலுக்கு மேலயும் கீழயும் 'பல்க் ஆக்‌ஷன்ஸ்'னு இருக்குமே, அதே. வேண்டிய பதிவுகளை டிக் பண்ணி ஒரே அமுக்கில் குப்பைக்கு அனுப்பலாம். அந்தப் பெட்டியில் நமக்குன்னு ஒரு செயலை முறைப்படி சேர்க்க எட்டு வருஷம் ஆச்சுங்க!

2008 டிசம்பரில் வந்த 2.7 பதிப்பில், மொத்தமாத் திருத்தும் வசதியோடு இந்தப் பெட்டி வந்தது. திருத்து, அழி, அவ்வளவுதான். குப்பைத்தொட்டி 2009 டிசம்பரில் 2.9-ல்தான் வந்தது. இடையில் ஒரு வருஷம், தப்பா டிக் பண்ணி அழிச்சா போனது போனதுதான்.

2011 பிப்ரவரியில் 3.1. பட்டியல்களுக்கெல்லாம் பொதுவா ஒரு நிரல் வகுப்பு வந்தது. பெட்டியை மாத்திக்க ஒரு ஃபில்டரும் கொடுத்தாங்க. ஆனா அதில் ஒரு குசும்பு: இருக்கிற செயலை எடுக்கலாம், புதுசா சேர்க்க முடியாது. நாம சேர்த்ததைப் பழைய பட்டியலோட ஒப்பிட்டுத் தூக்கி வீசுறதுக்குன்னே ஒரு வரி. அந்த வரியில் இருந்த மாறியின் பேரே 'நோ நியூ ஆக்‌ஷன்ஸ்'!

சும்மா சொல்லக் கூடாது, அதிலும் ஒரு நியாயம் இருக்கு. பெட்டியில் பேரை எழுதிட்டா போதுமா? டிக் பண்ணின பதிவுகளை வாங்கி வேலையை முடிக்க ஆள் வேணுமே. அந்தப் பக்கம் கொக்கியே கிடையாது.

நம்மாளுங்க விடுவாங்களா? பக்கத்தின் அடியில் ஜேகுவெரியைப் போட்டு, மேல் பெட்டி கீழ் பெட்டி ரெண்டிலும் செயலைத் திணிச்சாங்க. பக்கம் ஏறும்போதே அதைப் பிடிச்சு வேலையை முடிச்சாங்க. 'நான்ஸ்' சோதனையும் அவங்க பொறுப்பு. அதை மறந்தா, வேற எவனோ அனுப்பின சுட்டியை நிர்வாகி அமுக்கினாலே போதும், பதிவுகள் மொத்தமா மாறிடும்.

2016 டிசம்பர் 6-ல் வந்த 4.7 அந்தப் பூட்டைத் திறந்தது. சேர்க்கவும் விட்டாங்க, வேலையை முடிக்கத் தனி ஃபில்டரும் கொடுத்தாங்க. திரும்பிப் போக வேண்டிய முகவரி, செயலின் பேர், பதிவு எண்கள் என மூணும் கைக்கு வரும். வேலையை முடிச்சு முகவரியைத் திருப்பிக் கொடுத்தா போதும். பதிவுப் பக்கத்தில் நான்ஸ் சோதனையையும் வேர்ட்பிரஸே பார்த்துக்கும்.

ஒண்ணு மட்டும் இன்னைக்கும் நம்ம தலையில்தான்: ஒவ்வொரு பதிவையும் தொடும் முன், இதை மாத்த இவருக்கு உரிமை இருக்கான்னு கேட்கணும். ஒரே அமுக்கில் நூறு பதிவு மாறும்னா, ஒரே தப்பில் நூறும் போகும். மறந்துடாதீங்க மக்கா!