கல்லில் இல்லாதது தாழியில் உண்டு

மும்பையின் மேற்கு போரிவலியில் எக்சர் என்றொரு பழைய ஊர். அடுக்குமாடிகள் சூழ்ந்துவிட்ட அந்த இடத்தில் உயரமான வீரக்கற்கள் வரிசையாக நிற்கின்றன. கல்லின் கீழ்த்தட்டுகளில் போர் நடக்கிறது. சிலவற்றில் துடுப்புக் கப்பல்கள் அணிவகுத்து மோதுகின்றன. அதற்கு மேலே, விழுந்த வீரனை அரம்பையர் தூக்கிச் செல்கிறார்கள். உச்சியில் கயிலையும் சிவவழிபாடும். வட கொங்கணத்துச் சிலாகாரர்களுக்கும் தேவகிரி யாதவர்களுக்கும் 13ஆம் நூற்றாண்டில் நடந்த கடற்போரின் நினைவு இவை என்பது பரவலான கருத்து; இன்னும் முந்தியவை என்பாரும் உண்டு. கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டே போனால் ஒருவனின் கடைசி நாளும் அதற்குப் பின் வரும் சொர்க்கமும் தெரியும். அதற்கு முன் அவன் வாழ்ந்த ஆண்டுகள் தெரியா. மரம் இழைக்கத் தெரிந்தவனா, வலை முடைந்தவனா, யாருக்குக் கணவன் என்பதற்கெல்லாம் கல்லில் இடமில்லை.

நம் நடுகல்லும் பெரும்பாலும் இப்படித்தான். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்த தமிழி எழுத்து நடுகற்களில் ஒன்று, கூடலூர் ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த பூசலில், இறந்தவனின் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. கல்லைத் தேர்வதில் தொடங்கி வாழ்த்துவதில் முடியும் ஆறு படிகளைத் தொல்காப்பியம் வகுத்துவைத்தது. அத்தனையும் ஊர் கூடிச் செய்யும் காரியங்கள். ஊருக்கு வேண்டியது இறப்பின் பெருமை, அது கல்லில் ஏறியது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், கணவன், படைவீரன், கைவினைஞன் என்று ஒருவரே மூன்றுமாக இருந்து மறைந்தால், நடுவில் உள்ளதற்குத்தான் கல் கிடைக்கும். மற்ற இரண்டும் எங்கே போய்த் தங்கும்?

இறந்தவரைப் புதைக்கும் தாழியில் தங்கும் என்பது என் எண்ணம். மும்பையின் தாராவித் தமிழரில் பெரும்பாலோரின் பூர்வீகமான பழைய நெல்லைச் சீமையில், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது ஆதிச்சநல்லூர். 1876இல் யாகோர் அங்கே முதலில் தோண்டினார். 1899 முதல் அலெக்சாந்தர் ரீ முறையாக அகழ்ந்தார். 2004இல் தொல்லியல் துறை மறுபடி இறங்கி 160க்கு மேற்பட்ட தாழிகளை வெளிக்கொணர்ந்தது. ரீ எடுத்தவற்றில் பொன் நெற்றிப்பட்டமும் வெண்கலக் கலங்களும்தான் பேர் வாங்கின. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் அவற்றின் முன் நின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அங்கே கிடைத்த இரும்பு முக்கியம். வாளும் ஈட்டியும் கிடைத்த அதே மண்ணில் கோடரி போன்ற உழைப்புக் கருவிகளும் கிடைத்தன. தானிய உமியும் இருந்தது. புதைத்தவர்கள் போருக்கு ஒரு தாழி, தொழிலுக்கு ஒரு தாழி என்று பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. கையில் எது பழகியதோ அது கூடப் போனது. கல்லை ஊர் நட்டது; தாழிக்குள் என்ன வைப்பது என்பதை வீடுதான் முடிவு செய்திருக்க வேண்டும்.

புறநானூற்றின் 256ஆம் பாட்டை இந்த இடத்தில் படிக்க வேண்டும். பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. முதுபாலைத் துறை, அதாவது காட்டு வழியில் கணவனைப் பறிகொடுத்துத் தனியே நிற்பவளின் பாட்டு. அவள் தெய்வத்திடம் முறையிடவில்லை, அரசனிடம் போகவில்லை. குயவனிடம் பேசுகிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டு வந்த சிறு வெள்ளைப் பல்லி போல, இவனோடு எத்தனையோ பாலைவழிகளைக் கடந்து வந்தவள் நான். என்மேலும் இரக்கம் வைத்து, தாழியை எனக்கும் சேர்த்து அகலமாக வனைந்து கொடு என்கிறாள். உடன்கட்டை மனநிலையின் சாயல் என்று இதைச் சொல்லிவிடுவது எளிது. நான் அப்படிப் படிப்பதில்லை. இது தொழில் தெரிந்தவனிடம் வாய் அகலத்தைச் சொல்லி வேலை கொடுக்கும் பேச்சு. ஒப்பாரி வைத்திருந்தால் நாலு பாட்டோடு ஐந்தாவதாகப் போயிருக்கும். அளவு சொன்னதால் நிற்கிறது.

அந்தப் பல்லியை விட்டு நகர மனம் வரவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தாராவியின் தோல் பதனிடும் கூடங்களுக்கு நெல்லைப் பக்கத்து ஆண்கள் வந்தார்கள். பின்னாலேயே பெண்கள் வந்தார்கள். நெல்லையிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து தாதர் என்று ரயில் மாறி வந்தவர்களில் எத்தனை பேரிடம் வழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தது? சக்கரம் சுழன்றது, ஒட்டிக்கொண்டு வந்தார்கள். ஆனால் ஆரக்காலில் ஒட்டியிருந்த கண்ணுக்கு வண்டியின் ஒவ்வொரு குலுக்கமும் தெரியும். கணவனின் கை எந்தத் தோலில் எப்படி ஓடியது, எந்த வேலைக்கு எந்தக் கத்தியை எடுத்தான், சுண்ணாம்பில் விரல்கள் எப்படி வெந்தன என்பதெல்லாம் மனைவிக்குத் தெரிந்த அளவுக்கு மேஸ்திரிக்கும் தெரியாது.

தாராவியில் குயவர்களும் இருக்கிறார்கள். கும்பார்வாடாவுக்கு 1930களில் குடியேறிய சௌராட்டிரக் குடும்பங்கள் இன்றும் தண்ணீர்ப் பானையும் தீபாவளி அகலும் சுட்டு எடுக்கின்றன. பஞ்சாலைக் கழிவை எரித்த சூளைப் புகை பக்கத்துத் தமிழ்ச் சந்துகளில் புகுந்து, அதனால் எழுந்த சண்டைகளும் உண்டு. புறநானூற்றுப் பெண் இன்று வந்தால் இந்தியில்தான் அளவு சொல்லியாக வேண்டும்.

படையும் கைத்தொழிலும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதற்கு நம்மிடையே நல்ல சான்று மெட்ராஸ் சாப்பர்ஸ். 1780 செப்டம்பர் 30ஐத் தன் தொடக்க நாளாகக் கொள்ளும் இந்தப் படைப்பிரிவின் வீரர்களைத் ‘தம்பி’ என்றே ராணுவம் முழுவதும் அழைக்கிறது. பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது இவர்கள் வேலை. துப்பாக்கியோடு தச்சும் கொத்தும் கொல்லும் தெரிந்தவர்கள் சேர்ந்த படை. காஞ்சிபுரத்தை அடுத்த கீழ் ஒட்டிவாக்கத்துக்காரரான சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மின்யானோவில் கண்ணிவெடி அகற்றும் குழுவோடு போனார். கூட வந்தவர் கால் பட்டு ஒரு வெடி உயிர்பெற்றது. வெடிக்கச் சில நொடிகளே இருந்த நிலையில் அதன்மேல் தம்மைக் கிடத்தி மற்றவர்களைக் காத்தார். இறந்தபின் ஜார்ஜ் கிராஸ் வீரவிருது அறிவிக்கப்பட்டது. பதக்கத்தை வாங்கிக்கொண்டவர் அவர் மனைவி.

அந்தச் சில நொடிகளை விருதுச் சான்று நுட்பமாகச் சொல்கிறது. எக்சர் கல் சொல்வதும் அவ்வளவுதான். அதற்கு முந்தைய ஆண்டுகளில் எந்தக் கருவி அவர் கைக்கு வசப்பட்டிருந்தது, விடுப்பில் வந்தால் வீட்டில் எதைச் செப்பனிட்டார் என்று பதக்கத்தை வாங்கிய அம்மாளிடம் கேட்டிருக்கலாம். கணவனை இழந்தவளின் அன்றாடத்தைக் கேட்க அரசுக்கு வேறு முறை உண்டு. அதற்கு முன் பழைய முறையைப் பார்க்கலாம். புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தனார் பாட்டில், இளமையில் தழையாடைக்கு உதவிய ஆம்பல், கைம்மையில் அல்லியரிசியாகி உணவாகிறது. நம் காலத்தில் அந்த அரிசியின் இடத்தில் குடும்ப ஓய்வூதியம் நிற்கிறது. ஆண்டுதோறும் நவம்பரில் தான் உயிரோடிருப்பதற்குச் சான்று கொடுத்து அதைப் பெற வேண்டும். சோறு போடும் ஏற்பாடு என்ற அளவில் ஆம்பலைவிட மேல், மறுக்கவில்லை.

மும்பையின் மாதுங்காவிலும் செம்பூரிலும் தமிழர் அமைப்புகள் வெளியிடும் ஆண்டு விழா மலர்களைப் புரட்டினால் மறைந்தவர்களுக்கென்று சில பக்கங்கள் இருக்கும். படம், பிறப்பு, மறைவு, வகித்த பொறுப்புகள், படையில் இருந்தவரானால் பிரிவும் பதவியும். காகிதத்தில் நட்ட கற்கள். மலர்க்குழுவினரிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை முன்னாள் படைவீரர் ஒருவருக்குப் பக்கம் ஒதுக்கும்போது, அவருடைய மனைவியிடம் போய் உட்காருங்கள். கணவர் விட்டுச்சென்ற உளியையோ குத்தூசியையோ எடுத்துவரச் சொல்லுங்கள். எது எதற்கு, எந்தக் கையால், யாரிடம் கற்றது என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். பக்கம் போதாவிட்டால் பதவிப் பட்டியலைக் குறைத்துக்கொள்ளலாம்.