தீவகத்தில் காணி வாங்குமுன் நொத்தாரிசிடம் கேட்க வேண்டியவை

நான் சட்டத்தரணி அல்லன். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, இப்போது தீவகப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கிறேன். ஒரு காணிக் கொடுக்கல் வாங்கலில் ஐம்பதாயிரம் ரூபாய் இழந்து படித்த பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேலணையில் 4 பரப்பு வளவு ஒன்றைத் தரகர் காட்டினார். அதாவது 40 பேர்ச். கிணறும் பழைய கல்வீடும் இருந்தன. விற்பவரின் நொத்தாரிசே உறுதி எழுதுவார் என்றார்கள். "எல்லாம் கிளியர், சேர்" என்றார் தரகர். ஒரு துண்டுக் கடதாசியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு முற்பணம் கொடுத்தேன். உடன் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், "பதிவேடு பார்த்தீங்களா சேர்?" என்று கேட்ட பிறகே யாழ்ப்பாணம் காணிப் பதிவகத்துக்குப் போனேன். காணி விற்பவரின் தந்தையின் பெயரில் இருந்தது. தந்தை இறந்துவிட்டார். பிள்ளைகள் ஆறு பேர், அவர்களில் மூவர் வெளிநாட்டில். எனக்கு விற்க வந்தவர் ஒருவர்தான். நான் விலகினேன், முற்பணம் திரும்பவில்லை.

உறுதி சரியாக எழுதப்படுவதும், விற்பவர் உண்மையான உரிமையாளராக இருப்பதும் வெவ்வேறு விடயங்கள் என்பது அன்றுதான் புரிந்தது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை நொத்தாரிசின் முன்னும் இரண்டு சாட்சிகள் முன்னும் எழுத்தில் கையெழுத்தாக வேண்டும். கையெழுத்தும் முத்திரையும் சரியாக இருந்தாலும், தனக்கு இல்லாத உரிமையை எவராலும் விற்க முடியாது.

நொத்தாரிசைத் தெரிவு செய்தல்

முதலாவது, உங்களுக்கென்று தனியாக ஒருவரை வையுங்கள். விற்பவருக்கும் தரகருக்கும் வேண்டியவர் உங்கள் சார்பில் கேள்வி கேட்கமாட்டார்.

இரண்டாவது, அவர் அந்த நீதிமன்ற வலயத்தில், தமிழில் உறுதி எழுத அனுமதி பெற்றவரா என்றும், நடப்பு ஆண்டுக்கான சான்றிதழ் வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது, குறைந்தது 30 ஆண்டுப் பதிவேடுகளைத் தேடி, உரிமை பற்றிய கருத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தீவகத்தில் 30 ஆண்டு போதாது. 1990க்கு முன்னர் யாரிடம் இருந்தது என்பது வரை போகச் சொல்லுங்கள். பதிவேடு பார்க்க வேண்டாம் என்று நீங்களே சொன்னதாக உறுதியில் ஒரு வரி சேர்க்கப்படலாம். கையெழுத்துக்கு முன் முழுவதையும் வாசித்து, அப்படி ஒரு வரி இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

நான்காவது, அவருடைய கட்டணம், முத்திரை வரி, பதிவுச் செலவு மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். விற்பனை உறுதிக்கு முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். வழமையாக வாங்குபவரே இதைச் செலுத்துகிறார்.

அடிக்கடி வரும் சிக்கல்கள்

வாரிசுகள்: விற்பவர் முஸ்லிமாக இருந்தால், வாரிசுரிமை 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் சட்டப்படி அமையும். வாப்பா மௌத்தானால், பிள்ளைகள் இருக்கும்போது உம்மாவுக்கு எட்டில் ஒரு பங்கு. சகோதரிகளுக்கும் பங்குண்டு. சகோதரர்கள் மட்டும் கையெழுத்திட்ட உறுதிகளே பின்னர் வழக்காகின்றன. நன்கொடை உறுதி என்றால், மீளப்பெற முடியாதது என்று அதில் எழுதப்பட்டுள்ளதா என்று பாருங்கள். அப்படி எழுதாவிட்டால் கொடுத்தவர் அதை ரத்துச் செய்யலாம்.

தேசவழமை: தீவகத்தில் விற்பவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமை இன்றும் அவர்களுக்குப் பொருந்தும். மணமான பெண் தன் சீதனக் காணியை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் நீதிமன்ற அனுமதி வேண்டும். தேடியதேட்டமாக இருந்தால், இறந்த துணையின் பங்கு யாருக்குப் போனது என்று கேளுங்கள். பங்காளிகளுக்கும் வாரிசுகளுக்கும் முன்கொள்வனவு உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டப்படி அவர்களுக்கு அறிவித்தல் கொடுக்காமல் வாங்கினால், பங்காளி நீதிமன்றம் போய் அந்தக் காணியைத் தனக்கே வாங்கிக்கொள்ள முடியும். வாங்குபவர் வெளியாள் என்றால் இது இன்னும் கவனிக்க வேண்டியது.

அற்றோணித் தத்துவம்: கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்களுக்காக இங்கே ஒருவர் கையெழுத்திடுவது தீவகத்தில் சாதாரணம். அந்தத் தத்துவம் பதிவானதா, விற்கும் அதிகாரம் அதில் உண்டா, ரத்தாகவில்லையா என்று பாருங்கள். கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் முடிந்துவிடும். அவரோடு காணொளியில் நேரே பேசுங்கள்.

அரச அனுமதிப்பத்திரக் காணி: 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதமின்றி விற்க முடியாது. நயினாதீவுக்கு வேலணை, ஊர்காவற்றுறைக்கு ஊர்காவற்றுறை, நெடுந்தீவுக்கு நெடுந்தீவுப் பிரதேச செயலகங்களில் விசாரியுங்கள்.

கடற்கரை: கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, உயர் நீர்மட்ட எல்லையிலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டடம் கட்ட அனுமதி வேண்டும். தீவில் இது பெரும்பாலான வளவுகளைத் தொடும்.

எல்லை: உறுதியில் "தெற்கே கந்தையா காணி" என்று மட்டும் இருந்தால் போதாது. அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளந்து படம் எடுங்கள். நெடுந்தீவுக் கல்வேலிகள் விழுந்த இடத்தில் எல்லையும் விழுந்துபோயிருக்கலாம். பிரிக்கப்படாத பங்கு என்றால், பின்னர் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டப்படி வழக்குக்கே போக வேண்டி வரலாம்.

கையெழுத்தின் பின்

முற்பணத்தை ஒப்பந்தம் எழுதியே கொடுங்கள். எப்போது திரும்பத் தர வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். உறுதி கையெழுத்தானதும் மூலப்பிரதியைக் கேட்டு வாங்குங்கள். நொத்தாரிசு தன் பிரதியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். பதிவானதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். ஒரே காணி இருவருக்கு விற்கப்பட்டால், முந்திப் பதிந்தவருக்கே சட்டம் முன்னுரிமை தரும். பிரதேச சபையில் ஆதன வரிப் பெயர் மாற்றத்தையும் செய்துவிடுங்கள்.

இன்னொரு கேள்வியைச் சட்டப் புத்தகம் கேட்காது, நாம்தான் கேட்க வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பலருக்கு, அவர்களின் காணியில் வேறொருவர் குடியிருந்ததும், ஆட்சி உரிமை என்று பத்தாண்டுக் கணக்குக் காட்டியதும் தெரியும். தீவகத் தமிழர்களும் அதே தசாப்தத்தில் இடம்பெயர்ந்தவர்கள். போரால் நீதிமன்றம் போக முடியாதவர்களுக்காக, அந்தக் காலத்தை ஆட்சிக் கணக்கில் சேர்க்காதிருக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன்படி வழக்கு இடவும் ஒரு கால எல்லை வைக்கப்பட்டது. மலிவாக ஒரு வளவு வந்தால், ஏன் மலிவு என்று கேளுங்கள். நம் காணியை இழந்த வலி தெரிந்த நாம், இன்னொருவர் இழந்ததை வாங்கிவிடக் கூடாது.

குறிகட்டுவான் படகுத்துறையில் என்னிடம் காணி பற்றிக் கேட்போருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முற்பணத்துக்கு முன் பதிவேடு பாருங்கள். எனக்கு அந்த வரிசை தலைகீழாகிப் போனது.