கிரைண்டர் பிறந்த ஊரும் ‘போர்டு போயிருச்சுங்க’ காலமும்

நமது குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் லாரிக்கு அடுத்தபடியாக அதிகம் அடிபடுவது மெஷின் ரிப்பேர்தான். ஒரு வீட்டில் ஃபிரிட்ஜ், இன்னொரு வீட்டில் ஏ.சி., மூன்றாவது வீட்டில் மைக்ரோவேவ். போன மாதம் அந்த வரிசையில் எங்கள் வாஷிங் மெஷினும் சேர்ந்துகொண்டது. 24,000 ரூபாய்க்கு வாங்கி நான்கு வருடம்தான் ஆகிறது. சர்வீஸுக்கு வந்த தம்பி பின்பக்க மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். “போர்டு போயிருச்சுங்க சார். மாத்துனா 9,500 ஆகும். அதுக்குப் பதிலா எக்ஸ்சேஞ்ச்ல புதுசே எடுத்துக்கலாமுங்க” என்றார். போர்டில் எந்தப் பாகம் போனது என்று கேட்டேன். அது அவருக்கே தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

நான் படித்தது பி.காம். அதனால் தேய்மானக் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. 24,000-ஐ நான்கால் வகுத்தால் வருடத்துக்கு 6,000, மாதத்துக்கு 500. சொந்த மெஷின் என்று பெயர்தான்; உண்மையில் மாத வாடகைக்குத் துணி துவைத்திருக்கிறோம்.

இந்தப் பேச்சை நம் ஊரில் பேசுவதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. வீட்டு மெஷின் ஒன்றைப் பெற்றெடுத்த ஊர் இது. 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான் கோவையில் மில்கள் பெருகின. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் கிணற்றுக்கு கிணறு மோட்டார் வந்தது. மோட்டார் வந்தால் அது பழுதாகும். பழுதானால் பார்க்க ஆள் வேண்டும். 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். பி.எஸ்.ஜி.யின் தொழிற்பயிற்சி நிலையம் அதற்கு முன்பே, 1926-இல், தொடங்கிவிட்டது. ஃபவுண்டரி, லேத்துப் பட்டறை, காயில் கட்டும் கடை என்று பீளமேடு, கணபதிப் பக்கம் தெருவுக்குத் தெரு முளைத்தன.

அந்த மண்ணில்தான் 1955-இல் பி. சபாபதி என்பவர் மின்சாரத்தில் ஓடும் முதல் வெட் கிரைண்டரைச் செய்தார். (நமது ஆர்.எஸ்.புரத்துக்குப் பெயர் தந்த ரத்தினசபாபதி முதலியார் வேறு. அவர் சிறுவாணித் தண்ணீருக்காகப் பாடுபட்டவர். ஒரு சபாபதி குடிக்கத் தண்ணீருக்கு வழி செய்தார், இன்னொரு சபாபதி இட்லிக்கு!) அதில் இருந்த யோசனை எளிமையானது. வீட்டு ஆட்டாங்கல்லில் உரல் அசையாமல் நிற்கும், குழவி சுற்றும். கிரைண்டரில் குழவியைப் பிடித்து நிறுத்திவிட்டு, உரலைச் சுற்ற விட்டார்கள். மெதுவாகச் சுற்றுவதால் மாவு சூடாகாது. அந்த நாள் கிரைண்டரின் உள்ளே என்ன இருந்தது? ஒரு மோட்டார், ஒரு பெல்ட், இரண்டு புல்லி, பேரிங், சுவிட்ச். அவ்வளவுதான். வீட்டுக்காரம்மா கண்ணால் பார்த்தே “பெல்ட் லூஸ்” என்று சொல்லிவிடுவார்.

பேங்கில் குமாஸ்தாவாக இருந்தபோது சிறுதொழில் கடன் லெட்ஜர் சில வருடம் என் மேஜையில் இருந்தது. கிரைண்டர் பட்டறைக்காரர்கள் தவணை கட்ட வருவார்கள். ஒருவர் டிரம் மட்டும் செய்வார், ஒருவர் கல் மட்டும், ஒருவர் ஸ்டாண்டுக்கு வெல்டிங் மட்டும். ஆறேழு பட்டறைகள் சேர்ந்துதான் ஒரு கிரைண்டர். அதனால் எந்த உதிரிபாகமும் எந்த ஒரு கம்பெனியின் கைக்குள்ளும் இல்லை. பேரிங் தேய்ந்தால் நம்பரைச் சொல்லி எந்தக் கடையிலும் வாங்கலாம். மோட்டார் புகைந்தால் காயில் கட்டிக்கொள்ளலாம். கல் வழவழப்பானால் கொத்துவதற்கு ஆள் தெருவிலேயே வருவார். செய்தவரும் வாங்கியவரும் ரிப்பேர் பார்த்தவரும் ஒரே டவுன் பஸ்ஸில் போனார்கள். மட்டமாகச் செய்துவிட்டு அவ்வளவு சுலபமாகத் தப்ப முடியாது.

மிக்ஸி வந்த கதையும் இதற்குப் பக்கத்து வீடுதான். மும்பையில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளரின் மனைவி மாதுரி வைத்திருந்த ஜெர்மன் மிக்ஸி பழுதானது. சரி செய்ய இந்தியாவில் வழியில்லை. நம் அரைவைக்குத் தாங்கும் மிக்ஸியை நாமே செய்தால் என்ன என்று பிறந்ததுதான் ‘சுமீத்’. கம்பெனி தொடங்கிய வருடம் 1963. உதிரிபாகம் கிடைக்காத கோபம் ஒரு தொழிலையே உண்டாக்கியிருக்கிறது. நமக்கு அந்தக் கோபம் வந்தால் எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் பார்க்கிறோம்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. பழைய கிரைண்டரைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். மூடாத பெல்ட்டில் முந்தானை சிக்கிக்கொள்ளும் பயம் எப்போதும் உண்டு. ஈரக் கையோடு தொட்டு ஷாக் அடித்த வீடுகள் ஏராளம். மின்சாரமும் அதிகம் தின்னும். பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் எடுத்தது, இப்போதைய பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவில் ஓடுகிறது. அந்த மிச்சத்தைக் கொடுப்பதும் உள்ளே இருக்கும் அதே போர்டுதான். தவிர, அபார்ட்மெண்டுக்கு வந்த நாமேதான் சின்னதாக, சத்தமில்லாமல், மேடையில் வைக்கிற மாதிரி வேண்டும் என்றோம். டேபிள் டாப் கிரைண்டர் இவ்வளவு பரவியதில் நம் போன்ற வீடுகளின் பங்கு பெரிது.

என் குறை போர்டு இருப்பதில் இல்லை. அந்த போர்டு ஒரே கம்பெனியிடம் மட்டும் கிடைப்பதிலும், அதன் படம் வெளி மெக்கானிக் கைக்கு வராததிலும்தான் இருக்கிறது. சில மாடல்களில் ஈரம் புகாமல் இருக்க போர்டு முழுவதும் பிசின் ஊற்றி மூடிவிடுகிறார்கள். ஈரத்துக்கு நல்லதுதான். ஆனால் இருபது ரூபாய் கண்டன்சர் போனாலும் முழு போர்டையும் மாற்ற வேண்டியதாகிறது.

வேண்டுமென்றே ஆயுளைக் குறைப்பார்களா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. 1924-இல் ஓஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட பல்பு கம்பெனிகள் ஜெனீவாவில் கூடி ‘ஃபீபஸ்’ என்ற கூட்டணி அமைத்தன. பல்பின் ஆயுள் 1,000 மணி நேரம் என்று முடிவானது. அதைவிட நீண்ட நேரம் எரியும் பல்பு செய்த உறுப்பினருக்கு அபராதம்! இன்றைய வாஷிங் மெஷின் கம்பெனிகள் அப்படிச் செய்கின்றன என்று நான் சொல்லவில்லை. உதிரிபாகம் ஒரே கையில் இருந்தால் அப்படிக் கூட்டம் போட வேண்டிய தேவையே இல்லை.

நம் ஊர்த் தொழில் இதற்குள் ஏற்றமும் இறக்கமும் பார்த்துவிட்டது. 2005-06-இல் ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ புவிசார் குறியீடு பெற்றது. 2011-இல் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியபோது நம் பட்டறைகளுக்கும் ஆர்டர் குவிந்தது. 2022 ஜூலையில் கிரைண்டருக்கான ஜி.எஸ்.டி. 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதத்துக்கு ஒரே தாவாகத் தாவியது. அதே மாதத்தில்தான் மத்திய நுகர்வோர் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்காகக் குழு அமைத்தது, டிசம்பரில் இணையதளமும் திறந்தார்கள். வீட்டு உபயோகப் பொருட்களும் அதன் வரம்பில் உண்டு. வாரண்டிக்குள் அலைக்கழித்தால் 1915-க்குப் போன் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. பில்லை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். பில் மங்கிவிடும் தாளில் இருந்தால் அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

எங்கள் மெஷின் கடைசியில் ஓடிவிட்டது. காந்திபுரம் பக்கம் ஒரு சின்னக் கடையில் போர்டைக் கொடுத்தேன். அறுபதைத் தாண்டிய மனிதர், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து ஒரு ரிலேயை மாற்றினார். கூலியோடு 850 ரூபாய். “பழகப் பசங்க யாரும் வரதில்லீங்க. எனக்கப்புறம் இந்தக் கடைய மூட வேண்டியதுதான்” என்றார். கை சாலிடரிங்கில் இருந்தது, என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சங்க அலுவலகத்தில் செக்யூரிட்டி மேஜை மேல் ஒரு நீல நோட்டு வைத்திருக்கிறோம். உங்களுக்குத் தெரிந்த நல்ல மெக்கானிக், காயில் கட்டுபவர், கல் கொத்துபவர் இருந்தால், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, பெயரும் நம்பரும், என்ன வேலை பார்ப்பார் என்பதும் அதில் எழுதிவிடுங்கள். இதுவரை நான்கு பெயர் சேர்ந்திருக்கிறது. போர்டு பார்ப்பவர் ஒரே ஒருவர்தான்.