இருத்தலும் கிடத்தலும்: ஆகாயப் பயணத்தில் வர்க்கம் பற்றிச் சில குறிப்புகள்

1

வர்க்கம் பற்றி நாம் நிறையப் பேசியாயிற்று. நிலம், கூலி, உபரி, ஆலை, சங்கம் என்று பேசியாயிற்று. ராத்திரியில் யார் படுக்கிறார்கள், யார் உட்கார்ந்தபடியே தூங்குகிறார்கள் என்ற கேள்வியை வைத்துக்கொண்டு அதிகம் பேசியதில்லை. அற்பமான கேள்வி மாதிரித்தான் தெரியும். ஃபூக்கோ 1975இல் வெளியான சிறைச்சாலை பற்றிய நூலில், உடல்களை இடத்தில் பங்கிட்டு நிறுத்துவது ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தின் ஆரம்ப வேலைகளில் ஒன்று என்று காட்டினார். அவர் எடுத்துக்கொண்டவை ராணுவக் கொட்டடி, பள்ளிக்கூடம், மருத்துவமனை, ஆலை ஆகியவை. கண்டம் விட்டுக் கண்டம் இரவு முழுக்கப் பறக்கும் விமானத்தையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். அங்கே ஒரே கூரைக்குக் கீழே, பத்து மணி நேரம், சிலர் கிடக்கிறார்கள், பலர் இருக்கிறார்கள். நடுவில் ஒரு துணித் திரை.

இந்தத் திரை எப்போது வந்தது? இயற்கையாக வந்ததா? அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

காந்தியிலிருந்து தொடங்குவோம். 1893 ஜூனில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் அவர் ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட கதை எல்லோருக்கும் தெரியும். நிறவெறியின் கதையாக அதை வாசிக்கிறோம். சரிதான். ஆனால் அவரே எழுதிவைத்திருக்கும் ஒரு சின்ன விவரத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். அந்த ரயிலில் படுக்கை வேண்டுமானால் ஐந்து ஷில்லிங் தனியாகக் கட்ட வேண்டும். அப்துல்லா சேட் கட்டச் சொல்கிறார், இவர் பிடிவாதமாக மறுக்கிறார். மாரிட்ஸ்பர்க்கில் ரயில்வே ஊழியர் வந்து படுக்கை வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போன பிறகுதான் வெள்ளைப் பயணி வந்து இவரை ஏற இறங்கப் பார்க்கிறான். முதல் வகுப்புக்கு உள்ளேயும் தூக்கம் தனிப் பண்டமாகத்தான் இருந்தது.

24 வருடம் கழித்து, 1917இல், மூன்றாம் வகுப்பு ரயில் பயணம் பற்றி அவர் எழுதுகிறார். பம்பாயிலிருந்து சென்னைக்கு மெயில் வண்டி. கட்டணம் 13 ரூபாய் 9 அணா. பெட்டியில் 22 பேர் உட்காரலாம் என்று எழுதிப் போட்டிருக்கிறது. இரண்டு ராத்திரி கழிய வேண்டும். படுக்கப் பலகை கிடையாது. அவர் போடும் கணக்கு முக்கியமானது. முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். சரி, முதல் வகுப்புக்காரனுக்குக் கிடைக்கும் வசதியில் ஐந்தில் ஒரு பங்காவது, பத்தில் ஒரு பங்காவது இவனுக்குக் கிடைக்கிறதா என்று கேட்கிறார். தர்மம் பேசவில்லை, விகிதம் பேசுகிறார். இந்த விகிதக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஆகாயத்துக்குப் போவோம்.

2

ஆரம்பத்தில் ஆகாயத்தில் ராத்திரியே கிடையாது என்று சொல்லலாம். 1929இல் இம்பீரியல் ஏர்வேஸ் லண்டன் – கராச்சி வழியைத் தொடங்கியபோது ஏழு நாள் ஆனது. இடையில் ஐரோப்பாவில் ஒரு பகுதி ரயிலில். இருட்டினால் விமானம் இறங்கிவிடும். பயணிகள் விடுதியில் படுத்து, விடிந்ததும் ஏறுவார்கள். அந்த விமானம் கொண்டுவந்த தபாலைத்தான் 1932 அக்டோபரில் டாடாவின் சின்ன விமானம் கராச்சியிலிருந்து அகமதாபாத், பம்பாய், பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. நமக்கு முதலில் வந்தவை கடிதங்கள்தாம், மனிதர்கள் அல்ல. லண்டனிலிருந்து பறந்து வந்தவர்கள் அதிகாரிகள், கம்பெனிக்காரர்கள், பணக்காரர்கள். எல்லோருக்கும் ஒரே வகுப்பு. மற்றவர்கள் ஏறவே முடியாத இடத்தில் திரைக்கு வேலை இல்லை.

அதே காலத்தில் நம் ஜனங்கள் எப்படிப் போனார்கள்? 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூருக்கு ஓடியது. தளத்துப் பயணிகள் ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. பாயை விரித்தால் அதுதான் இடம். நாற்றம், வாந்தி, மழை எல்லாம் உண்டு, பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் தோட்டக்கூலியின் முதுகு தரையில் நீண்டு கிடந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆகாயத்தில் கட்டில் 1930களில் வந்தது. 1939இல் அட்லாண்டிக்கைக் கடந்த பான் அமெரிக்கன் நிறுவனத்தின் போயிங் 314 கடல் விமானத்தில் பகலில் 74 பேர் உட்காரலாம். ராத்திரி ஏறக்குறைய அதில் பாதிப் பேருக்குத்தான் கட்டில். ஒருவர் படுக்க வேண்டுமானால் இன்னொருவர் வரக் கூடாது. பிறகு வந்த எல்லாச் சண்டைக்கும் அடிப்படை இந்தக் கணக்குதான்.

போருக்குப் பின் 1945இல் ஹவானாவில் உருவான சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் கட்டணத்தை மட்டுமல்ல, இருக்கை இடைவெளியையும் சாப்பாட்டையும்கூட நிர்ணயித்தது. 1952 மே மாதம் அட்லாண்டிக் வழியில் சுற்றுலா வகுப்பு வந்தது. லண்டன் – நியூயார்க் ஒருவழிக் கட்டணம் 395 டாலரிலிருந்து 270க்கு இறங்கியது. எப்படி இறங்கியது? கட்டிலை எடுத்துவிட்டு நாற்காலிகளை நெருக்கிப் போட்டார்கள். 1958 ஏப்ரலில் அதற்கும் கீழே சிக்கன வகுப்பு. இவர்களுக்குச் சூடான சாப்பாடு கூடாது, சாண்ட்விச் மட்டும்தான் என்று விதி. ஸ்காண்டிநேவிய நிறுவனம் சாண்ட்விச் என்ற பெயரில் இறைச்சியும் மீனும் அடுக்கிய தட்டுகளைக் கொடுக்க, பான் அமெரிக்கன் புகார் செய்ய, அபராதம்வரை போயிற்று. இன்று கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால் இந்தச் சாண்ட்விச் சண்டை ஒன்றை அம்மணமாகக் காட்டிவிட்டது. வகுப்பு என்பது மேலே உள்ளவனுக்கு அதிகம் கொடுப்பதால் மட்டும் நிற்பதில்லை. கீழே உள்ளவனுக்குக் கொடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டாக வேண்டும்.

1958 அக்டோபரில் ஜெட் வந்தது. அட்லாண்டிக் பயணம் ஏறக்குறையப் பாதி நேரமாகச் சுருங்கியது. கட்டில்கள் மறைந்தன. முதல் வகுப்பிலும் சாய்வு நாற்காலிதான். வரலாற்றில் ஒரு சின்ன இடைவேளையாக, பணக்காரனும் மற்றவனும் இருவருமே உட்கார்ந்து தூங்கினார்கள்.

3

1977–78 என்ற வருடங்களைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

எழுபதுகளில் சலுகைக் கட்டணங்கள் பெருகின. 1977 செப்டம்பரில் லேக்கரின் ஸ்கைட்ரெயின் லண்டன் – நியூயார்க் பயணத்தை முன்பதிவில்லாமல் மலிவாக விற்றது. கம்பெனிச் செலவில் முழுக் கட்டணம் கட்டி வந்த ஆசாமிக்கு அருகில், அதே மாதிரி இருக்கையில், அதைவிட மிகக் குறைவாகக் கட்டிய மாணவன் உட்கார்ந்திருந்தான். ஆசாமிக்குக் கோபம். அவனைச் சமாதானப்படுத்த 1976 முதல் 78க்குள் கே.எல்.எம்., பிரிட்டிஷ் ஏர்வேஸ், பான் அமெரிக்கன் என்று ஒவ்வொன்றாகத் தனிப் பகுதி ஒதுக்கின. வணிக வகுப்பு பிறந்த கதை இவ்வளவுதான். ஆரம்பத்தில் அதே நாற்காலிதான், கொஞ்சம் முன்னால். முதலில் பிறந்தது சௌகரியம் அல்ல, பிரிவு. சௌகரியம் பின்னால் வந்து அந்தப் பிரிவுக்கு நியாயம் கற்பித்தது. 1978 அக்டோபரில் அமெரிக்கா விமானத் துறையின் கட்டுப்பாட்டை நீக்கிச் சட்டம் இயற்றியது. அதன்பின் போட்டிதான் விதி.

அதே 1977இல் இந்தியாவில் என்ன நடந்தது? நெருக்கடி நிலைக்குப் பின் வந்த ஜனதா அரசில் சோஷலிஸ்டான மது தண்டவதே ரயில்வே அமைச்சர். இரண்டாம் வகுப்புப் படுக்கை அதுவரை வெறும் மரப்பலகை. அதன்மேல் இரண்டு அங்குல நுரை மெத்தை வைக்கச் சொன்னார். 1977 டிசம்பரில் ஹவுரா – பம்பாய் கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ் வகுப்பில்லா வண்டியாக ஓடியது. 1917இல் காந்தி கேட்ட விகிதக் கேள்விக்கு அறுபது வருடம் கழித்து வந்த பதில் அந்த இரண்டு அங்குலம். புரட்சி ஒன்றும் இல்லை. ஆனால் கோடிக்கணக்கான முதுகுகள் அதை இன்றும் அறியும்.

ஆக, ஒரே காலத்தில் இரண்டு எதிர்த்திசைகள். ரயிலில், படுப்பது பொது விவகாரமாக, நாடாளுமன்றத்தில் கேட்கத்தக்க விவகாரமாக ஆனதால் கீழே பரவியது. ஆகாயத்தில் அது சந்தைக்குப் போனதால் மேலே குவிந்தது. 1995–96இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் முதல் வகுப்பில் முழுக்கத் தட்டையாகும் படுக்கையைக் கொண்டுவந்தது. 2000இல் அதையே வணிக வகுப்புக்கும் இறக்கியது. இடம் மிச்சம் பிடிக்க ஒருவரை முன்நோக்கியும் அடுத்தவரைப் பின்நோக்கியும் அமர்த்தினார்கள். மற்ற நிறுவனங்கள் பின்தொடர்ந்தன. 2008இல் சிங்கப்பூர் – நியூவார்க் விமானத்தில் வணிக வகுப்பு தவிர வேறு வகுப்பே இல்லை, மொத்தம் 100 இருக்கை, 2013வரை ஓடியது. சிக்கன வகுப்பிலோ 34 அங்குலமாக இருந்த இருக்கை இடைவெளி பொதுவாக 31க்கு, சில நிறுவனங்களில் 28க்கு வந்துவிட்டது.

4

நான் ஒரே ஒரு தடவை அந்தத் திரைக்கு முன்பக்கம் இருந்திருக்கிறேன். லண்டனிலிருந்து சென்னைக்கு வரும் ராத்திரி விமானம். இருக்கைகளைவிட அதிகமாக டிக்கெட் விற்றிருந்தார்கள். தனியாக வந்தவன் என்பதால் என்னைத் தூக்கி முன்னால் போட்டார்கள். சாப்பாடு முடிந்ததும் பணிப்பெண் வந்து, படுக்கை போட்டுத் தரட்டுமா சார் என்று கேட்டாள். பொத்தானை அழுத்தினால் நாற்காலி மெதுவாகக் கட்டிலாகிறது. மெத்தை விரிப்பு, போர்வை, தலையணை. படுத்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. நன்றாக இருக்கிறது என்பதுதான் பிரச்சினையே.

நடுராத்திரி பின்பக்கம் போனேன். ஏறும் வரிசையில் பேசிக்கொண்டு வந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் கழிப்பறைக்கு அருகில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேத்தி கல்யாணத்துக்குப் போகிறவர், எழுபது வயதிருக்கும். ஏனம்மா நிற்கிறீர்கள் என்றேன். “இருந்து இருந்து கால் வீங்கிப் போச்சுத் தம்பி. நிண்டாக் கொஞ்சம் சுகமாக் கிடக்கு” என்றார். நம் சிறுபத்திரிகைகளில் இருத்தல் என்றால் சார்த்தர் வந்துவிடுவார். அந்த அம்மாவுக்கு இருத்தல் என்றால் உட்கார்வது. இடம் மாற்றிக்கொள்கிறோம் என்று பணிப்பெண்ணிடம் சொன்னேன். அவள் சிரித்தபடியே, விதி அனுமதிக்காது என்றாள். அந்தச் சிரிப்பும் சம்பளத்துக்குள் அடங்கியதுதான். ஆர்லி ஹோக்ஷீல்ட் 1983இல் எழுதிய நூல் விமானப் பணிப்பெண்களின் இந்த உணர்ச்சி உழைப்பைப் பற்றியதுதான். ஆனால் நீண்ட தூர விமானத்தில் அவளுக்கு முறை வைத்துப் படுக்க ஒரு கட்டில் ஒதுக்கியிருக்கிறார்கள். களைத்த உடல் ஆபத்து என்பதால் பணியாளர் ஓய்வுக்கு விதிமுறைகள் வந்தன. அதாவது தூக்கத்தைச் சந்தையிலிருந்து மீட்க முடியும் என்பதற்கு அதே விமானத்துக்குள்ளேயே சாட்சி இருக்கிறது.

வீங்கிய கால் வெறும் அசௌகரியம் மட்டுமல்ல. 2007இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் நாளங்களில் ரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்றது. பேருந்து, கார், ரயிலுக்கும் இது பொருந்தும். பெரும்பாலோருக்கு அபாயம் சிறியதே. ஆனால் இது புதிய அறிவு அல்ல. 1940இல் லண்டன்மீது குண்டுவீச்சு நடந்தபோது, பதுங்கிடங்களில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கியவர்கள் நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்துச் செத்ததை மருத்துவர் கீத் சிம்ப்சன் லான்செட் இதழில் எழுதினார். நாற்காலி வேண்டாம், கட்டில் வேண்டும் என்ற வாதம் எழுந்தது. சுரங்க ரயில் நிலையங்களில் அடுக்குக் கட்டில்கள் பொருத்தப்பட்டன. குண்டு விழும் நகரத்தில் ஜனங்களுக்குக் கட்டில் போட முடிந்திருக்கிறது.

5

“அப்படியானால் எல்லோருக்கும் வணிக வகுப்பு கேட்கிறீரா?” என்று தோழர்கள் கேட்கலாம். இல்லை. அது நடக்காது, நடக்கவும் கூடாது. ஒரு கட்டில் மூன்று நான்கு நாற்காலியின் இடத்தை அடைக்கிறது. 2013இல் உலக வங்கிக்காகச் செய்யப்பட்ட கணக்கின்படி வணிக வகுப்புப் பயணியின் கரிச்சுவடு சிக்கன வகுப்பைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. உலக ஜனத்தொகையில் ஒரு சதவீதம் பேரே பயணி விமானங்களின் கரியுமிழ்வில் பாதிக்குப் பொறுப்பு என்று 2020இல் கொஸ்லிங்கும் ஹும்பேயும் காட்டினார்கள். முன்பக்கத்துக்காரன் தன் டிக்கெட்டுக்குப் பணம் கட்டுகிறான்; ஆகாயத்துக்குக் கட்டுவதில்லை.

அவன் அதிகம் கட்டுவதால்தான் உனக்கு மலிவாகக் கிடைக்கிறது என்றொரு வாதமும் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. விமான வருமானத்தில் கணிசமான பங்கு முன்பக்கத்திலிருந்துதான் வருகிறது. ஆனால் அதே காரணத்தால், பின்பக்கத்தைத் தாங்க முடியாததாக வைத்திருப்பதில் நிறுவனத்துக்கு லாபம் இருக்கிறது. துன்பம் இங்கே விளம்பரமாக வேலை செய்கிறது. 2016இல் டீசெல்ஸ், நார்ட்டன் ஆகியோரின் ஆய்வு, முதல் வகுப்பு உள்ள விமானங்களின் சிக்கன வகுப்பில் சச்சரவுகள் பல மடங்கு அதிகம் என்றது. முன்பக்க வழியாக ஏறி அந்த இருக்கைகளைத் தாண்டி நடக்க வைத்தால் இன்னும் கூடுகிறதாம். நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

2009இல் சிக்கன நடவடிக்கை என்று நம் அமைச்சர்களைச் சாதாரண வகுப்பில் போகச் சொன்னபோது, வெளியுறவு இணையமைச்சர் சசி தரூர் அதை மாட்டு வகுப்பு என்று எழுதிவைத்தார். பெரிய கூச்சல் எழுந்தது, மன்னிப்பும் கேட்டார். கூச்சல் முழுக்க அந்த வார்த்தையைப் பற்றியதுதான். மனிதர்களை ஏன் மாடு மாதிரி ஏற்றுகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பயணிகள் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டு, சுருங்கும் இருக்கையின் பாதுகாப்பை மறுபடி பரிசீலிக்க 2017இல் நீதிமன்ற உத்தரவு வாங்கியது. 2018இல் இருக்கைக்குக் குறைந்தபட்ச அளவை ஒரு வருடத்தில் நிர்ணயிக்க அந்நாட்டுச் சட்டம் கட்டளையிட்டது. கெடு 2019இல் முடிந்தது, அளவு வரவில்லை. ஆனாலும் கேள்வி சட்டத்தின் மொழிக்குள் வந்துவிட்டது.

விமானம் நம் ஜனங்களின் பிரச்சினையா என்ற தயக்கத்தை விட்டுவிடலாம். வளைகுடாவுக்குப் போகும் கொத்தனாரும் நர்சம்மாவும் அதில்தான் போகிறார்கள். ஈழத்திலிருந்து சிதறியவர்களின் கல்யாணமும் சாவும் அதை நம்பித்தான் நடக்கின்றன. குறைந்தபட்சக் கூலி மாதிரி, குறைந்தபட்ச இடம் என்று ஒன்றைக் கேட்கலாம்: கால் நீட்ட இத்தனை அங்குலம், அதற்குக் கீழே விற்கக் கூடாது. முன்பக்கப் படுக்கைக்கு அது அடைக்கும் ஆகாயத்தின் அளவுக்கு வரி கேட்கலாம். 13 ரூபாய் 9 அணா டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு காந்தி கேட்ட கேள்வி இதைவிடப் பெரியதாக இருக்கவில்லை. அதற்குப் பதில் வர அறுபது வருடம் ஆயிற்று. கேட்காமல் இருந்திருந்தால் பலகைதான்.